எழ மறுக்கும் அவுட்டிரைவ்

விசைப்படகில் எஞ்சினைப் பொருத்துவதற்கு நெடுங்காலம் இரண்டு வழிகளே பரவலாக இருந்தன. எஞ்சினைப் படகுக்குள் வைத்து, அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்றை அடித்தளத்தின் வழியே வெளியே செலுத்தி, அதன் நுனியில் புரொப்பெல்லரைப் பொருத்துவது ஒன்று. எஞ்சின் முழுவதையும் படகின் பின்பலகையில் வெளிப்புறமாகத் தொங்கவிடும் அவுட்போர்டு முறை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வழியை, சுவீடனைச் சேர்ந்த வோல்வோ பென்டா நிறுவனம் 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அக்வமேட்டிக் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளர் அதற்கு முன் மெர்க்குரி நிறுவனத்தில் பணியாற்றியவர். இரண்டே ஆண்டுகளில், 1961இல், மெர்க்குரியும் தன் மெர்க்ரூசர் வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஸ்டெர்ன்டிரைவ் எனப்படும் இம்முறையில் எஞ்சின் படகின் பின்பகுதிக்கு உள்ளே இருக்க, பல்சக்கரங்களும் புரொப்பெல்லரும் அடங்கிய கால் போன்ற பகுதி மட்டும் பின்பலகைக்கு வெளியே நீரில் இறங்கி நிற்கும். அந்தக் காலுக்கே அவுட்டிரைவ் என்று பெயர்.

அவுட்டிரைவின் சிறப்பு, அது பக்கவாட்டில் திரும்பிப் படகைத் திசைதிருப்புவதோடு, மேலும் கீழுமாகச் சாய்ந்தும் கொடுப்பதாகும். ஓடும் படகில் இச்சாய்வைச் சிறிதளவு மாற்றி அமைப்பதையே டிரிம் என்பர். புறப்படும்போது அவுட்டிரைவைப் பின்பலகையை ஒட்டி உள்ளே இழுத்து வைத்தால், படகின் முகப்பு அளவுக்கு மீறி எழாமல், படகு விரைவில் நீரின் மேல் வழுக்கி ஓடும் நிலையை அடைகிறது. வேகம் பிடித்த பின் சற்றே வெளியே சாய்த்தால், முகப்பு உயர்ந்து நீரைத் தொடும் பரப்பு குறைவதால் வேகம் கூடி எரிபொருள் மிஞ்சுகிறது. அளவுக்கு மேல் சாய்த்துவிட்டால் முகப்பு எழுந்தெழுந்து விழத் தொடங்கும், புரொப்பெல்லரும் காற்றை உள்ளிழுத்துப் பிடிமானம் இழக்கும். ஆழமற்ற கரையை அணுகும்போதும், படகை டிரெய்லர் வண்டியில் ஏற்றும்போதும் அவுட்டிரைவை இன்னும் உயரத் தூக்க வேண்டியிருப்பதால், டிரிம் எல்லைக்கு மேலே டிரெய்லர் நிலை என்று தனியே ஒன்றும் உண்டு.

இந்த வேலையைச் செய்பவை அவுட்டிரைவின் இருபுறமும் உள்ள ஹைட்ராலிக் தண்டுகள். அவற்றுக்கு எண்ணெயை அழுத்தித் தருவது படகுக்குள் இருக்கும் ஒரு சிறிய பம்ப். அந்த பம்ப்பைச் சுழற்றுவது 12 வோல்ட் மின்மோட்டார். எண்ணெயின் அழுத்தத்தால் எழும் அமைப்பாயினும், அது எழ மறுக்கும்போது காரணம் பெரும்பாலும் மின்சாரப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் காரணமும் பல நேரங்களில் அரித்துப்போன ஓர் இணைப்பு, வெடித்துப்போன ஒரு வயர், எரிந்த ஒரு ஃப்யூஸ் என்ற அளவில்தான் இருக்கும். ஆயினும் அதைத் தேடிப் பார்க்காமல் மோட்டாரையோ பம்ப்பையோ முழுதாக மாற்றிவிடுவது படகு வைத்திருப்போரிடையே வழக்கமாக உள்ளது. மின்சுற்றின் அமைப்பைப் புரிந்துகொண்டு முறையாகச் சோதித்தால், கோளாறு இருக்கும் இடத்தை அந்தச் சுற்றே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு மின்சுற்றுகள்

டிரிம் அமைப்பில் ஒன்றோடொன்று தொடர்புடைய இரண்டு மின்சுற்றுகள் உள்ளன. முதலாவது, மோட்டாருக்கு வேண்டிய பெரிய மின்னோட்டத்தைச் சுமக்கும் ஆற்றல் சுற்று. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த சிவப்புக் கேபிள் வழியாக வரும் மின்னோட்டம் ஒரு பெரிய ஃப்யூஸைக் கடந்து, சோலினாய்டு என்னும் கனத்த சுவிட்சை அடைந்து, அங்கிருந்து மோட்டாருக்குள் சென்று, கறுப்பு எர்த் கேபிள் வழியாக பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. மெர்க்ரூசர் பம்ப்புகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பில் இந்த ஃப்யூஸ் 110 ஆம்பியர் அளவுடையது.

இரண்டாவது, ஓட்டுநரின் கையருகே உள்ள பொத்தானிலிருந்து சோலினாய்டு வரை செல்லும் கட்டளைச் சுற்று. சோலினாய்டுக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் அதில் சிறிய மின்னோட்டம் பாய, சுருள் காந்தமாகி ஓர் உலோகத் தகட்டை இழுக்க, அந்தத் தகடு இரண்டு தடித்த முனைகளை இணைத்து மோட்டாருக்கு வழிவிடுகிறது. இவ்வாறு மெல்லிய வயரும் சிறிய பொத்தானும் தாங்காத மின்னோட்டத்தை, அவற்றின் கட்டளைக்கு உட்பட்டு, சோலினாய்டு திறந்து மூடுகிறது. தூக்குவதற்கு ஒன்றும் இறக்குவதற்கு ஒன்றுமாக இரண்டு சோலினாய்டுகள் இருக்கும். கட்டளைச் சுற்றுக்கென 20 ஆம்பியர் அளவில் தனி ஃப்யூஸும் உண்டு. மெர்க்ரூசரில் தூக்கும் கட்டளை நீலத்தில் வெள்ளைக் கோடிட்ட வயரிலும், இறக்கும் கட்டளை பச்சையில் வெள்ளைக் கோடிட்ட வயரிலும், டிரெய்லர் கட்டளை ஊதாவில் வெள்ளைக் கோடிட்ட வயரிலும் வருவது வழக்கம். பிற நிறுவனங்களின் வண்ணமுறை வேறுபடலாம் என்பதாலும், பழைய படகுகளில் யாரேனும் கைக்குக் கிடைத்த வயரால் ஒட்டுப்போட்டிருக்கலாம் என்பதாலும், வண்ணத்தை மட்டும் நம்பாமல் வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பின்தொடர்ந்து பார்ப்பதே பாதுகாப்பானது.

காதால் தொடங்கும் பரிசோதனை

எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன், ஒருவர் பொத்தானை அழுத்த மற்றொருவர் பம்ப்பின் அருகே நின்று கேட்பதே முதல் படியாகும். அப்போது கேட்பது மூன்றில் ஒன்றாக இருக்கும்: எந்த ஒலியும் இல்லாமை, 'டக்' என்ற ஒலி மட்டும், அல்லது மோட்டார் ஓடும் ஒலி.

எந்த ஒலியும் இல்லையென்றால் கட்டளை சோலினாய்டை அடையவில்லை, அல்லது அடைந்தும் சுருள் செயல்படவில்லை என்பது பொருள். அந்நிலையில் 20 ஆம்பியர் ஃப்யூஸ், பொத்தான், இடைப்பட்ட வயர்கள், சுருளின் எர்த் இணைப்பு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். சோலினாய்டின் இரண்டு சிறிய முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துப் பொத்தானை அழுத்தும்போது 12 வோல்ட் தெரிந்தும் ஒலி எழாவிட்டால் சுருள் அறுந்துபோயிற்று எனக் கொள்ளலாம். வோல்ட் தெரியாவிட்டால் மீட்டரின் கறுப்பு முனையை மட்டும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். இப்போது 12 வோல்ட் தெரிந்தால் கட்டளை வந்துகொண்டிருக்கிறது, எர்த்தில்தான் துண்டிப்பு.

'டக்' என்ற ஒலி கேட்டு மோட்டார் ஓடாமல் நின்றால், கட்டளைச் சுற்று தன் வேலையைச் செய்துவிட்டது. தேட வேண்டியது பெரிய ஃப்யூஸ், சோலினாய்டின் உள்தகடு, தடித்த கேபிள்கள், மோட்டார் ஆகியவற்றில். ஒரே ஓர் ஒலி கோளாறு இருக்கக்கூடிய பரப்பை இவ்வாறு பாதியாகக் குறைத்துவிடுகிறது.

மோட்டார் இயல்பான வேகத்தில் ஓடியும் அவுட்டிரைவ் அசையவில்லையென்றால் கோளாறு மின்சாரத்தில் இல்லை. எண்ணெய் குறைந்திருத்தல், குழாயில் கசிவு, காற்று புகுந்திருத்தல், பம்ப்பின் உள்வால்வுகள் பழுதடைந்திருத்தல் போன்றவற்றையே அங்கு ஆராய வேண்டும். நீண்ட நேரம் இயக்கியபின் மோட்டார் நின்று, சிறிது நேரம் கழித்துத் தானாக உயிர் பெற்றால், பல மோட்டார்களில் உள்ள வெப்பத் தடுப்பு செயல்பட்டிருக்கலாம். அது தன்னளவில் பழுதன்று.

ஒரு திசை மட்டும் செயல்பட்டால்

அவுட்டிரைவ் இறங்குகிறது, ஆனால் எழவில்லை என்பது மிகப் பரவலாகச் சொல்லப்படும் குறை. இக்குறை தேடுவோருக்குச் சாதகமானது. ஏனெனில் இறங்குவது நடைபெறுகிறது என்பதே, பேட்டரியும் பெரிய ஃப்யூஸும் எர்த் கேபிளும் முற்றிலும் அறுந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. ஆயினும், எடையைத் தூக்குவதற்கு இறக்குவதைவிட மிகுதியான விசை தேவைப்படுவதால், வலுவிழந்த பேட்டரியும் அரித்த இணைப்பும் முதலில் தூக்கும் திசையிலேயே வெளிப்படும் என்பதை மறந்துவிடலாகாது.

இங்கு அடுத்த கேள்வி, டிரெய்லர் பொத்தானை அழுத்தினால் எழுகிறதா என்பது. சாதாரண டிரிம் பொத்தானின் தூக்கும் கட்டளை, சோலினாய்டுக்குச் செல்லும் வழியில், அவுட்டிரைவ் டிரிம் எல்லையைத் தாண்டி எழாமல் காக்கும் டிரிம் எல்லைச் சுவிட்ச் என்னும் சிறு கருவியைக் கடந்தாக வேண்டும். டிரெய்லர் பொத்தானின் கட்டளையோ அதைத் தவிர்த்து நேரே செல்கிறது. ஆகவே டிரெய்லர் பொத்தானுக்கு எழுந்து டிரிம் பொத்தானுக்கு எழாத அவுட்டிரைவில், மோட்டாரும் சோலினாய்டும் நலமாக உள்ளன; ஐயத்துக்குரியவை எல்லைச் சுவிட்சும் அதன் வயர்களும், அவற்றோடு டிரிம் பொத்தானும்தான்.

எல்லைச் சுவிட்ச் இருக்கும் இடமே அதன் பகையாக அமைந்திருக்கிறது. அவுட்டிரைவைத் தாங்கித் திருப்பும் கிம்பல் என்னும் வளையத்தின் பக்கவாட்டில், பின்பலகைக்கு வெளியே, நீர்மட்டத்தை ஒட்டி அது பொருத்தப்பட்டுள்ளது; அதன் இரண்டு வயர்களும் பின்பலகையைத் துளைத்து உள்ளே வருகின்றன; ஸ்டீயரிங்கைத் திருப்பும்தோறும் அவை மடங்கி நிமிர்கின்றன. ஆண்டுகள் செல்ல, மடியும் இடத்தில் உறையில் நுண்ணிய வெடிப்பு விழுந்து நீர் உட்புகுகிறது. புகுந்த நீர் செப்பு இழைகளின் இடைவெளி வழியே ஏறி, உறைக்குள்ளேயே அவற்றை அரிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வயருக்கு ஒரு குறையும் தெரியாது. விரலால் நீவிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மட்டும் உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் துவளும். அங்கே உறையை அறுத்துப் பார்த்தால் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் கறுப்புமான பொடி உதிரும். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து நன்னீர் ஏரிகளில் ஓடும் படகுகளைவிட, ஃபுளோரிடாவின் உப்புநீரில் நிறுத்திவைக்கப்படும் படகுகளில் இந்த அரிப்பு விரைவாக நிகழ்கிறது.

இதே கிம்பல் வளையத்தில், தோற்றத்தில் எல்லைச் சுவிட்சைப் போலவே இருக்கும் மற்றொரு கருவியும் உண்டு. அவுட்டிரைவின் சாய்வைக் கண்டறிந்து ஓட்டுநரின் முன்னுள்ள டிரிம் மீட்டருக்குத் தெரிவிப்பது அதன் பணி. மீட்டரின் முள் அசையாவிட்டாலும் அவுட்டிரைவ் ஒழுங்காக ஏறி இறங்கும். ஏனெனில் அது தனிச் சுற்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு, மீட்டர் கருவியை மாற்றிவிட்டு, அவுட்டிரைவ் ஏன் இன்னும் எழவில்லை என்று வியப்போர் உண்டு.

எந்தப் பொத்தானுக்கும் அவுட்டிரைவ் எழாமல், இறங்குவது மட்டும் நடந்தால், பம்ப்பின் அருகே இரண்டு கட்டளை வயர்களையும் இடம் மாற்றிப் பொருத்திப் பார்ப்பது எளிய சோதனையாகும். அப்போது, நலமாக உள்ளதெனத் தெரிந்த இறக்கும் கட்டளை தூக்கும் சோலினாய்டுக்குச் செல்லும். அவுட்டிரைவ் எழுந்தால் சோலினாய்டும் மோட்டாரும் குற்றமற்றவை, குறை தூக்கும் கட்டளையின் பாதையில் உள்ளது. எழாவிட்டால் குறை அந்தச் சோலினாய்டிலோ மோட்டாரிலோ இருக்கிறது. இவ்வாறு மாற்றிய நிலையில் எல்லைச் சுவிட்சின் காவல் நீங்கிவிடுவதால், சோதனை முடிந்தவுடன் வயர்களைப் பழையபடி பொருத்திவிட வேண்டும்.

மோட்டாரின் வகையும் இங்குக் கருதத்தக்கது. மூன்று வயர் மோட்டாரில் தூக்குவதற்கும் இறக்குவதற்கும் தனித்தனிக் கம்பிச்சுருள்கள் இருப்பதால், ஒரு சுருள் மட்டும் அறுந்து ஒரு திசை மட்டும் நின்றுபோவது இயல்வதே. நிலைக்காந்தம் கொண்ட இரண்டு வயர் மோட்டாரில் அப்படியன்று. ஒரு திசையில் நன்றாகச் சுழலும் மோட்டார் மறு திசையிலும் சுழலக்கூடியதே. அவ்வகை அமைப்பில் சோலினாய்டின் வேலையைச் செய்பவை ரிலேக்கள்; ஓய்வுநிலையில் இருக்கும் ரிலேயே மோட்டாரின் மறுமுனையை எர்த்துடன் இணைத்து வைத்திருக்கிறது. ஆகையால் தூக்கும்போது கோளாறு தெரிந்தாலும், பழுது இறக்கும் ரிலேயின் ஓய்வுநிலைத் தொடர்பில் இருக்கலாம்.

மின்னோட்டம் பாயும்போது அளத்தல்

மல்டிமீட்டரைக் கையாள்வோர் பெரும்பாலும் தவறும் இடம் ஒன்று உண்டு. மோட்டாரின் வயரைக் கழற்றி, அந்த முனையில் 12 வோல்ட் வருவதைக் கண்டு, மின்சாரம் ஒழுங்காக வருகிறது, ஆகவே மோட்டார்தான் பழுது என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அழுக்கு அடைத்திருந்தாலும், குழாயைத் திறக்காதவரை அங்கே அழுத்தம் முழுமையாகவே இருக்கும். திறந்த பிறகுதான் நீர் சொட்டுவது தெரியும். மின்சுற்றும் அவ்வாறே. ஒரேயோர் இழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கேபிளும், மின்னோட்டம் பாயாதபோது 12 வோல்ட்டைக் குறைவின்றிக் காட்டும்.

மின்தடையை நேரடியாக அளந்துவிடலாமே என்றால், அதற்கும் இடமில்லை. மோட்டார் 50 ஆம்பியர் எடுக்கும் நேரத்தில் ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை மட்டுமே இருந்தாலும், ஓம் விதிப்படி அங்கே 2.5 வோல்ட் வீணாகி, 125 வாட் வெப்பமாக வெளிப்படும். சாதாரண மல்டிமீட்டரின் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே அதைவிடப் பல மடங்கு தடை காட்டும் என்பதால், இத்தனை சிறிய தடை அதன் கண்ணுக்குப் புலப்படாது. உருகிய பிளாஸ்டிக்கும் நிறம் மங்கிய போல்ட்டும்தான் சில வேளை அதைக் காட்டிக்கொடுக்கும்.

எனவே பொத்தானை அழுத்தி மோட்டாரை இயக்க முயலும் அதே கணத்தில், இணைப்பின் இருபுறமும் மீட்டரின் முனைகளை வைத்து அங்கே எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்ப்பதே சரியான முறை. இதற்கு மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை என்று பெயர். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டால், பொத்தானை அழுத்தும்போது பேட்டரியின் முனைகளில் 12 வோல்ட்டும் மோட்டாரின் முனைகளில் 8.5 வோல்ட்டும் இருக்கின்றன என்க. இடையே மறைந்த 3.5 வோல்ட்டைத் தேட வேண்டும். ஃப்யூஸையும் சிவப்புக் கேபிளையும் சேர்த்து அளந்தால் 0.4 வோல்ட், சோலினாய்டின் இரு தடித்த முனைகளுக்கிடையே 2.6 வோல்ட், மோட்டாரிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரை எர்த் பாதையில் 0.5 வோல்ட் என்று கிடைத்தால், கணக்கு நேராகிவிடுகிறது: சோலினாய்டின் உள்தகடு கருகியிருக்கிறது, எர்த் இணைப்பையும் சுரண்டித் துப்புரவு செய்வது நலம், மோட்டாரின் மீது குற்றமில்லை. நல்ல நிலையிலுள்ள சோலினாய்டில் இந்த இழப்பு ஒரு வோல்ட்டில் சில பத்தில் ஒரு பங்குகளுக்குள் அடங்கிவிடும்.

இச்சோதனைக்கு முன் பேட்டரியின் நிலையை உறுதி செய்துகொள்ள வேண்டும். முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். பொத்தானை அழுத்தியதும் அதன் முனைகளிலேயே வோல்ட் பெரிதும் சரிந்தால், மற்றவற்றைச் சோதிப்பதற்கு முன் பேட்டரியைச் சரிசெய்தாக வேண்டும். குளிர்காலம் முழுவதும் டிரெய்லரில் கிடந்துவிட்டு இளவேனிலில் முதன்முறையாக நீரில் இறங்கும் வட அமெரிக்கப் படகுகளில் இது அடிக்கடி நிகழ்வதாகும்.

நிற்காத மோட்டார்

எழாமல் நிற்பதைவிட ஆபத்தான கோளாறு, பொத்தானை விட்ட பின்னும் மோட்டார் நிற்காமல் ஓடுவது. சோலினாய்டின் தகடு முனைகளைத் தொடும் கணத்தில் தீப்பொறி எழுவதால், தேய்ந்த தகடு சில வேளை முனைகளோடு உருகி ஒட்டிக்கொள்கிறது. கட்டளை நின்றாலும் சுற்று மூடியே இருக்கிறது. பல படகுகளில் டிரிம் பம்ப்பின் கேபிள் பேட்டரியின் முதன்மைச் சுவிட்சைத் தவிர்த்து நேரே பேட்டரியில் இணைக்கப்பட்டிருப்பதால், அந்தச் சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. பேட்டரியின் முனையிலிருந்தே கேபிளைக் கழற்ற வேண்டும். ஒட்டிய சோலினாய்டைத் தட்டிப் பிரித்துவிட்டு மீண்டும் பயன்படுத்துவது அதே நிகழ்ச்சிக்கு நாள் குறிப்பதாகும். அதை மாற்றிவிடுவதே முறை.

பழுதுநீக்கமும் பாதுகாப்பும்

பெட்ரோல் எஞ்சின் உள்ள படகின் எஞ்சின் அறையில், காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி அடியில் தேங்கி நிற்கக்கூடும். ஆகவே தீப்பொறி எழக்கூடிய எந்தச் சோதனைக்கு முன்பும் மூடியைத் திறந்து, வெளியேற்று விசிறியைக் குறைந்தது 4 நிமிடங்கள் ஓடவிட்டு, வாடையும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். உயர்த்திய அவுட்டிரைவுக்கு முட்டுக்கொடுக்காமல் அதன் அடியிலோ ஹைட்ராலிக் தண்டுகளின் அருகிலோ கை வைத்தல் கூடாது. மின்சாரத்தைச் சோதிப்பதற்காக மோட்டாரை இயக்கும்போதும் ஒருமுறைக்குச் சில நொடிகளே இயக்க வேண்டும்.

அரித்த வயரை மாற்றும்போது வீட்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவது சில மாதங்களுக்கே தாங்கும். வெள்ளீயம் பூசிய செப்பு இழைகளைக் கொண்ட கடல்சார் வயரையும், அழுத்திப் பிடிக்கும் இணைப்பான்களையும், உட்புறம் பசை தடவிய வெப்பச்சுருக்கு உறையையும் பயன்படுத்தினால்தான் நீர் இழைகளுக்குள் ஏறுவது தடைபடும். வயர் மடியும் இடத்தில் இழுபடாதவாறு தளர்வு விடுவதும், உராயும் இடத்தில் பிடிப்பான் இடுவதும் புதிய வயரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

எல்லைச் சுவிட்ச் பழுதென்று தெரிந்தபின், அதன் இரு வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டுச் சுவிட்சே இல்லாமல் ஓட்டுவோரும் இருக்கின்றனர். அவுட்டிரைவ் உடனே எழுவதால் பழுது நீங்கியதுபோல் தோன்றினாலும், நீக்கப்பட்டது காவல் மட்டுமே. டிரிம் எல்லைக்குள் இருக்கும்வரை அவுட்டிரைவைக் கிம்பல் வளையம் இருபுறமும் தாங்கிக்கொள்கிறது; அந்த எல்லைக்கு மேலே எழுந்துவிட்டால் பக்கவாட்டுத் தாங்கல் இல்லாமல் போகிறது, எஞ்சினின் சுழற்சியைக் கொண்டுவரும் யுனிவர்சல் மூட்டுகளும் தாங்க இயலாத கோணத்தில் வளைகின்றன. வேகமாக ஓடும் படகில் தவறுதலாக அந்த நிலைக்குப் பொத்தானை அழுத்திவிட்டால், படகு கட்டுப்பாட்டை இழக்கவும், மூட்டுகளும் அவற்றைப் போர்த்தும் ரப்பர் உறையும் சிதையவும் கூடும். அந்த உறை கிழிந்தால் நீர் உள்ளே புகும். எனவே புதிய சுவிட்ச் வரும்வரை டிரெய்லர் பொத்தானைக் கரையில் மட்டும் பயன்படுத்தி, ஓட்டத்தின்போது அவுட்டிரைவை உள்ளிழுத்த நிலையிலேயே வைத்து மெதுவாகச் செல்வதே தக்கது.

பழுது நீங்கிய பின் பேட்டரியிலும் மோட்டாரிலும் இயங்கும் நிலையில் உள்ள வோல்ட் அளவுகளைக் குறித்து வைத்து, ஆண்டுதோறும் படகை நீரில் இறக்கும் முன் அதே இடங்களில் மீண்டும் அளந்து பார்ப்பவர்களுக்கு, இணைப்புகள் தளர்வதும் அரிப்பதும் அவுட்டிரைவ் எழ மறுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்த வேளையில் ஒரு முனையைச் சுரண்டி இறுக்குவதோடு முடியும் வேலைக்கு, நடு ஏரியில் அல்லது ஆழமற்ற கரையில் அது வெளிப்பட்டால் இழுவைப் படகும் புதிய மோட்டாருமாகச் செலவாகிறது.